இடப்பக்கத்துச் சோறு

கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த பொதுக் குளியல் கூடத்தில், ஆண்கள் பகுதியில், மா சாங்தொக் உடம்பு தேய்த்துவிடும் வேலை பார்த்தார். ஊர் ஆண்களில் பாதிப் பேரை அவருக்கு முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். கடைவீதியில் எதிரே வந்து யாராவது வணக்கம் சொன்னால், யாரென்று தெரியாமல் மரியாதைக்குத் தலையாட்டி வைப்பார். ஆள் கடந்து போனதும் திரும்பி, அந்தத் தோளையும் நடையையும் பார்த்துவிட்டு, "அட, வலைக்கடைக்காரர்! முன்னால பார்த்தா யாருக்கு அடையாளம் தெரியுது?" என்று மனைவியிடம் அங்கலாய்ப்பார்.

வலது கையில் சொரசொரப்பான பச்சைத் துண்டை உறை போல மாட்டிக்கொண்டு அவர் தேய்க்க ஆரம்பித்தால், பலகையில் படுத்திருப்பவரின் மேல் இத்தனை நாள் சேர்ந்த அழுக்கு நூல் நூலாகத் திரண்டு விழும். ஒரு பக்கம் முடிந்ததும் உள்ளங்கையால் தோளில் இரண்டு தட்டு. வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் தலைவனானாலும் வங்கி மேலாளரானாலும், வாணலியில் மீன் புரள்வதுபோல மறுபக்கம் புரண்டு படுத்துவிடுவார்கள்.

"இந்த ஊர்ல நான் தட்டித் திரும்பாத ஆளே கிடையாது" என்பது அவருடைய பெருமை.

"வீட்டுல ஒருத்தி இருக்கா. தட்டிப் பாருங்க" என்பாள் கும்ரே.

கும்ரே அவர் மனைவி. நண்டைச் சோயாச் சாற்றில் ஊறப்போட்டு இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். ஒரே மகன் கன்வூ வேலைக்காகத் தலைநகரம் போனபின் வீட்டில் இவர்கள் இருவரும்தான். அவள் "கன்வூ அப்பா" என்பாள், அவர் "கன்வூ அம்மா" என்பார். இரண்டுமே பெரும்பாலும் சண்டையின் முதல் வார்த்தையாக இருக்கும்.

ஒரு வசந்தகாலக் காலையில் சாங்தொக் ஒரு லாரி ஓட்டுநரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து இடுப்பு வரை தேய்த்தார். மறுபடியும் தோளிலிருந்து இடுப்பு வரை தேய்த்தார். மூன்றாம் தடவையும் அதையே செய்தபோது ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, எனக்குக் காலும் இருக்கு."

"எங்க இருக்கு?" என்று கேட்டார் சாங்தொக். கேலி இல்லை. உண்மையாகவே தேடினார். ஓட்டுநரின் கால்கள் அவருக்கு இடப்பக்கம் நீண்டிருந்தன.

அடுத்த நிமிடம் அவருடைய இடது கை சுருண்டு தொங்கியது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மணமாக இருந்த நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடிவந்து, அங்கே வந்தபிறகுதான் தங்கள் நிலைமை ஞாபகம் வந்து நின்றார்களாம். மூளையின் வலது பாதியில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

உயிர் பிழைத்துவிட்டார். பேச்சும் தெளிவாக இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் தாதியைக் கூப்பிட்டு, போர்வைக்குள் இருந்த தன் இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டினார்.

"இதை யாரோ மறந்து விட்டுட்டுப் போயிருக்காங்கம்மா. எங்க கூடத்துல மோதிரம் விட்டுட்டுப் போவாங்க. ஒருத்தர் பல்செட்டை விட்டுட்டுப் போனார். முழுக் கையை விட்டுட்டுப் போற ஆளை இப்பத்தான் பார்க்குறேன். வாசல்ல குடுத்து வைங்க, தேடி வருவாங்க."

தாதி சிரித்தாள். கும்ரேயும் சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் வேகவேகமாக நிறையச் சொன்னார். அதில் கும்ரேயின் காதில் நின்றது உப்பைக் குறைக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

வீடு வந்த முதல் நாள், தாழ்ந்த சாப்பாட்டு மேசையை அவர் முன்னால் போட்டாள். இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப். உயிரோடு இருக்கிறவருக்கு அப்படித்தான் வைப்பது. செத்தவருக்குப் படைக்கும்போது மட்டும் இடம் மாறும். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே வைக்கும். சோற்றுக்கு அப்பால் அவருக்குப் பிடித்த சோயா நண்டு, சூப்புக்கு அப்பால் காரமாக ஊறிய முள்ளங்கிக் கிம்ச்சி.

சூப்பைக் குடித்தார். முள்ளங்கியைக் கடித்தார். கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சோறு எங்க?"

"கன்வூ அப்பா, வந்த அன்னைக்கே விளையாட்டா?"

"பசிக்குதுடி. விளையாடுறதுக்குத் தெம்பு எங்க இருக்கு?"

அப்போது அவருக்கு வலப்பக்கம் அலமாரியில் இருந்த மின்சாரக் குக்கர், சோறு தயார், கிளறிவிடவும் என்று தேன் வடியும் பெண்குரலில் அறிவித்தது.

"பாரு, அவளே சொல்றா, தயார்னு. ஒரு பருக்கையாவது கண்ணுல காட்டுனீங்களா? ரெண்டு பேரும் கூட்டு" என்றார்.

கும்ரேக்குக் கோபம் வந்தது. நண்டு பிடிக்காமல் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் இந்த நாடகம் என்று நினைத்தாள். இப்படியே நாட்கள் போயின. அவள் ஊட்டிவிட்டால் சாப்பிடுவார். ஆனால் குழந்தை போல ஊட்டுவது பிடிக்காமல் இரண்டு வாயில் தலையைத் திருப்பிக்கொள்வார். கன்னம் ஒட்டிப்போனது. சவரம் செய்தால் முகத்தில் வலது பாதிதான் வழவழப்பாகும், இடது பாதி காடாக நிற்கும். இடப்பக்கம் நின்று அவள் பேசினால், வலப்பக்கம் திரும்பிக் குக்கருக்குப் பதில் சொல்வார். அவள் கேட்ட கேள்விக்குக் குக்கரிடம் பதில் சொல்லும் புருஷனைப் பார்த்துக் கும்ரேக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்கிடையில் அவர் ஜொஞ்சு நகரத்தில் இருந்த தன் அக்காவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அக்கா, இந்த வீட்டுல சூப்பு மட்டும்தான் போடுறாங்க. சோத்தைக் கண்ணால பார்த்து ரொம்ப நாளாச்சு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் ஆபத்து.

அக்கா பெயர் பில்நாம். அடுத்ததாவது ஆண்பிள்ளையாகப் பிறக்க வேண்டும் என்று பெண்குழந்தைக்கு வைக்கிற பெயர். அப்படியே தம்பி பிறந்தான். அதனால் அவனைத் தன் பெயர்தான் உலகத்துக்குக் கொண்டுவந்தது என்று அந்த அம்மாள் எப்போதும் நம்பினார். எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள் பேசி முடித்துவிடும் ஆள். கும்ரேயைத் தொலைபேசியில் பிடித்தார்.

"இங்க முதியோர் ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் பேசி வச்சுட்டேன். வேளாவேளைக்குச் சோறாவது போடுவாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

கும்ரே தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரோரம் உட்கார்ந்து, மேல்சட்டையின் வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு, மறு கை வெளியே தொங்க, புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக இருந்தார். அவரை இழுத்துக்கொண்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த முறை பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். சாங்தொக் வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் அதன் வலது பாதியிலேயே நெருக்கியடித்து எழுதினார். விடுமுறை நாள் ரயிலில் ஆட்கள் நிற்பதுபோல எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இடது பாதி காலி மைதானம்.

"சரியா இருக்கா?" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் நெருக்கடிதான். சின்ன வட்டமா போட்டுட்டேன்."

டாக்டர் மூளைப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"அம்மா, மூளையோட வலது பாதிதான் உடம்போட இடது பாதியைப் பார்த்துக்குது. நடுவுல இந்தப் பட்டை கைகாலை ஆட்டுற இடம். பின்னந்தலையில பார்வை. அடியில முட்டைக்கோஸ் மாதிரி இருக்கே, அது தள்ளாடாம நிக்க வைக்கிறது. அதுக்கு முன்னால இந்தத் தண்டு, மூச்சும் இதயத் துடிப்பும். உங்க வீட்டுக்காரருக்கு முக்கியமா அடிபட்டது இங்க, வலது காதுக்கு மேல, கொஞ்சம் பின்னால. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு நமக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கிற இடம் இது. அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது பக்கத்தைத் தேடணும்னே அவருக்குத் தோணாது."

"பேசுற இடம்?"

"அது பெரும்பாலானவங்களுக்கு இடது பாதியில. இவருக்கு ஒரு கீறல்கூட விழல."

"அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையாக்கும்" என்றாள் கும்ரே.

சாங்தொக் படத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வலது பாதியைத்தான் பார்த்திருப்பார்.

"புரிஞ்சுது டாக்டரம்மா. அடித்தளத்துல கொதிகலன் ஓடுது, அது மூச்சு. வாசல்ல சீட்டு குடுக்கிறவ ஓயாம பேசிக்கிட்டிருக்கா, அது வாய். உடை மாத்துற அறையில மட்டும் ஒரு பக்கத்து அலமாரி வரிசையில விளக்கு அணைஞ்சு போச்சு."

"விளக்கு எரியுதுங்க. அங்க ஒரு வரிசை இருக்குங்கறதே ஊழியர்களுக்கு மறந்து போச்சு."

"அப்ப அந்த வரிசையில துணியை வச்சவன்?"

"அம்மணமாத்தான் வீட்டுக்குப் போகணும்" என்றாள் கும்ரே.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழி சொன்னார். முதலில் சோற்றை வலப்பக்கம் வைத்துப் பசியாற விடுங்கள். பாதி சாப்பிட்டதும் இடது தோளைத் தொட்டு, அவரையே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வையுங்கள். தினமும் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும்.

"சோத்தை வலது பக்கமா?" கும்ரேயின் முகம் வெளுத்தது.

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ. இதை எங்க அம்மா கேட்டா என்னை வீட்டை விட்டே துரத்திடுவாங்க. ஆனா அம்மா, அவர் பட்டினி கிடக்கிறாரு."

அன்று மாலை கும்ரே திரைச்சீலையை இழுத்து மூடினாள். பக்கத்து வீட்டார் எட்டிப்பார்க்கும் பழக்கம் உடையவர்கள். சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள். சூப்பை இடப்பக்கம் வைத்தாள். மாமனாரின் நினைவு நாளில் வருடா வருடம் அவள் வைக்கிற அதே வரிசை. மனதுக்குள் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டாள், உங்களைக் கூப்பிடவில்லை, தயவுசெய்து வந்துவிடாதீர்கள் என்று.

"அட, இன்னைக்குத்தான் உலை வச்சியா?" என்று சாங்தொக் கிண்ணத்தின்மேல் பாய்ந்தார். சோறு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. இரண்டு இருந்தால்தானே பக்கம்.

கிண்ணத்தின் வலது பாதி காலியானதும், அவள் அவர் இடது தோளைத் தொட்டாள். அசையவில்லை. உலுக்கினாள். "ஏன்டி பிடிச்சு ஆட்டுற?" என்று குக்கரைக் கேட்டார். கும்ரே யோசித்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து, அவர் ஊரையே தட்டிய மாதிரி, ஈரச் சத்தம் இல்லாத குறையாக, தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சாங்தொக் திரும்பினார். இடப்பக்கமாக. அங்கே சூப் இருந்தது, நண்டு இருந்தது, மனைவியும் இருந்தாள்.

"நீ எப்ப வந்த?"

"கல்யாணம் பண்ணிட்டு வந்தேன்" என்றாள் கும்ரே.

நண்டு ஓட்டுக்குள் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். தட்டித் திரும்ப வைத்த அவமானம் பிறகுதான் உறைத்தது. "யாரை யாருடி தட்டுறது?" என்று அன்று முழுவதும் முனகிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பில்நாம் வந்து நின்றார். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தது மேசையைத்தான். வலப்பக்கம் சோறு. இடப்பக்கம் சூப். நடுவில் உயிரோடு தம்பி.

"அடிப்பாவி!"

கும்ரேயின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"உயிரோட இருக்கிறவனுக்குப் படையல் போட்டிருக்கியே! சோத்துல கரண்டியை நட்டு வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி. பழம் எங்க, ஊதுபத்தி எங்க? சொல்லு, நானே கொளுத்துறேன்!"

"அண்ணி, டாக்டர்தான் சொன்னாங்க..."

"டாக்டர் சொல்லுவாரா? எந்த டாக்டர் சொல்லுவாரு, செத்தவன் மாதிரி சோறு போடுன்னு? மொதல்ல சோறே போடல. இப்பப் போட்டா இப்படிப் போடுற. டேய், கெளம்புடா. கார் வாசல்ல நிக்குது."

"இடது பக்கம் வச்சா அவருக்குத் தெரியாது அண்ணி. மூளையில அந்த இடம்..."

"எனக்கு மூளையைப் பத்திச் சொல்லிக் குடுக்கறியா? இவன் தவழ்ந்ததுல இருந்து பார்க்கிறவ நான். இவனுக்கு மூளை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

பில்நாம் தம்பியின் இடப்பக்கம் சென்று உட்கார்ந்தார். சோற்றைத் தூக்கி இடப்பக்கம், தன் முழங்காலுக்கு எதிரே, நறுக்கென்று வைத்தார். சூப்பை வலப்பக்கம் வைத்தார். "சாப்பிடுடா. மனுசன் சாப்பிடற மாதிரி சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

சாங்தொக் சூப்பைக் குடித்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் பார்த்தார். கும்ரே எதிரே நின்று, தட்டுவதற்குத் தூக்கிய கையைக் கீழே போட்டாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சோறு போச்சே" என்றார் சாங்தொக். "இப்பத்தான இருந்துச்சு?"

"கண்ணுக்கு முன்னால இருக்குடா!" என்று காதோரம் கத்தினார் அக்கா.

அவர் விருட்டென்று வலப்பக்கம் திரும்பினார். அங்கே குக்கர்தான் இருந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கன்வூ அம்மா. அக்கா போயிட்டாளா?"

வாயைத் திறந்த பில்நாம் திறந்தபடியே இருந்தார்.

"போயிட்டா போல. போறப்ப சோத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா பாரு. சின்ன வயசுலயும் இப்படித்தான், என் கிண்ணத்துல பாதி அவ வாயிலதான் போகும். கேட்டா, என் பேராலதான்டா நீ பொறந்தன்னு சொல்லுவா." கரண்டியை மேசையில் வைத்தார். "என்னை அவகூட அனுப்பிடாத. அந்த ஆஸ்பத்திரியில சோறு எந்தப் பக்கம் வைப்பாங்களோ. யாரு தட்டுவா அங்க?"

குக்கர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தது.

பில்நாம் தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அக்கா பக்கம் தெரிந்தது சவரம் சரியாக ஏறாத இடது கன்னம். அது ஒட்டிப்போய், ஓரத்தில் நரைமயிருடன் இருந்தது. முழங்காலுக்கு எதிரே ஆவி பறக்கும் சோறு. அந்தச் சோற்றுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

பிறகு அந்த அம்மாள், வாழ்நாளெல்லாம் எத்தனையோ படையல் மேசைகளில் ஒரு பழத்தின் இடம் மாறினாலும் மருமகள்களை அழவைத்த அதே அம்மாள், கிண்ணத்தை இரண்டு கைகளாலும் எடுத்தார். மேசையைச் சுற்றி முழங்காலாலேயே நகர்ந்து போய், வலப்பக்கம் வைத்தார். சூப்பை எடுத்து இடப்பக்கம் வைத்தார்.

"அட, அக்கா! எப்ப வந்த?" என்றார் சாங்தொக்.

"சாப்பிடுடா பிசாசே" என்றார் பில்நாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கும்ரேயைப் பார்க்காமல் கேட்டார். "தட்டுறதுன்னு சொன்னானே. அது எப்படி?"

கும்ரே காட்டினாள். பில்நாம் தட்டிய தட்டில் சாங்தொக்கின் வாயிலிருந்த சோறு வெளியே வந்தது. ஆனால் திரும்பினார். கார் காலியாகவே ஜொஞ்சுவுக்குத் திரும்பிப் போனது. பில்நாம் நண்டு தீரும்வரை இருந்துவிட்டு, பேருந்தில் போனார்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் சாங்தொக் அந்த மேசையில்தான் சாப்பிட்டார். இடது கை தன்னுடையதுதான் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார், ஆனால் உதவாத கை என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். பழைய குளியல் கூடத்துக்கு வாடிக்கையாளராகப் போய்ப் படுத்து, தேய்க்கும் இளைஞனுக்கு அழுத்தம் போதவில்லை என்று பாடம் நடத்தினார். தட்டினால் இடப்பக்கம் பார்ப்பது பழகியது. தட்டாமல் தானாகப் பார்ப்பது கடைசிவரை வரவில்லை. "தட்டுறதுக்குத்தான் நீ இருக்கியே" என்பார்.

ஒரு குளிர்காலத்தில் மறுபடியும் அடி விழுந்தது. இந்த முறை அது அடித்தளத்தில், கொதிகலனில்.

முதல் நினைவு நாளுக்குக் கன்வூ விடுப்பில் வந்திருந்தான். கைப்பேசியில் படையல் வரிசைப் படத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, சோறு அப்பாவுக்கு எந்தப் பக்கம்..." என்று தொடங்கியவன், அம்மாவின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் யோசிக்கவே இல்லை. சாங்தொக்கின் புகைப்படத்துக்கு எதிரே, அவர் உட்கார்ந்திருந்தால் எது வலப்பக்கமோ, அங்கே சோறு. இடப்பக்கம் முள்ளங்கி போட்ட இறைச்சி சூப். இத்தனை வருடங்களாக வைத்த மேசைதான்.

கன்வூ சோற்றில் கரண்டியை நட்டான். வணங்கினார்கள். வந்தவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவை ஒருக்களித்துவிட்டு மூவரும் வெளியே வந்து காத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் பில்நாம். முழங்கால் வலியால் இப்போது நாற்காலியில்தான் உட்காருவார். சிறிது நேரம் கழித்துக் கன்வூ எழுந்து, உள்ளே போவதற்கு முன் செய்ய வேண்டிய செருமலுக்காகத் தொண்டையைத் தயார் செய்தான்.

"பொறுடா" என்றார் பில்நாம். "சோறு சாப்பிட்டிருப்பான். சூப்பு இடது பக்கம் இருக்கே."

"அத்தை, அப்பா இப்ப..." என்றான் கன்வூ.

"அந்த மூளையை இங்கயே விட்டுட்டுத்தானே போயிருக்கார், அண்ணி" என்றாள் கும்ரே. "இப்ப ரெண்டு பக்கமும் தெரியும்."

"உனக்குத் தெரியுமா? அவன் பழக்கத்தை விடுறவனா?" பில்நாம் கைத்தடியால் கதவைச் சுட்டினார். "போ. சூப்பு ஆறிடப் போகுது."

கும்ரே உள்ளே போனாள். வெளியே இருந்த இருவருக்கும் மேசைமேல் உள்ளங்கை விழும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.